இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் ஹோம்ஸ்கூலிங்: முழுமையான வழிகாட்டி

ஹோம்ஸ்கூலிங், அதாவது பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைப்பது என்றதும் எல்லோரும் கேட்பது, "யார் சொல்லிக்கொடுப்பீங்க?" என்றுதான். நான்கு வருடத்தில் நூறு பேருக்காவது பதில் சொல்லியிருப்பேன். உண்மையில் எங்களுக்கு அது பெரிய சிக்கலாகவே இருந்ததில்லை. ஐந்தாம் வகுப்புக் கணக்கைச் சொல்லித்தர ஐந்தாம் வகுப்புப் புத்தகமும் கொஞ்சம் பொறுமையும் போதும். வேலைக்குப் போகிறவர்களுக்குக் கேள்வியே வேறு: காலை பதினொரு மணிக்குப் பிள்ளையோடு வீட்டில் யார் இருப்பது?

நான் கோவையில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். வீட்டுக்காரர் கோவையிலேயே கணபதி என்ற பகுதியில் சின்னதாக லேத் பட்டறை வைத்திருக்கிறார். மகளை நான்காம் வகுப்போடு பள்ளியிலிருந்து நிறுத்தினோம். இப்போது எட்டாம் வகுப்புப் பாடம் ஓடிக்கொண்டிருக்கிறது. ஏன் நிறுத்தினோம் என்பது நீண்ட கதை, இங்கே வேண்டாம். எப்படிச் செய்வது என்பதை மட்டும், நாங்கள் தப்பாகச் செய்துவிட்டுத் திருத்திக்கொண்ட வரிசையில் இல்லாமல், செய்ய வேண்டிய வரிசையில் எழுதுகிறேன்.

படி 1: ஒரு வாரம் கடிகாரத்தைப் பாருங்கள்

ஒரு தாளில் ஏழு நாளுக்கும் கட்டம் போட்டு, காலை 6 முதல் இரவு 9 வரை மணிக்கணக்கை எழுதுங்கள். வீட்டில் யாராவது இருக்கும் நேரத்துக்கு ஒரு நிறம். பிள்ளையின் பக்கத்தில் உட்காரக்கூடிய நேரத்துக்கு வேறு நிறம். இந்த இரண்டையும் ஒன்றென நினைப்பதில்தான் பல குடும்பங்கள் சறுக்குகின்றன. ஒர்க் ஃப்ரம் ஹோம் முதல் நிறத்தில்தான் வரும். மீட்டிங்கில் மைக்கை மியூட் போட்டுவிட்டு வகுத்தல் சொல்லித்தர முடியாது, முயன்றவர்களைக் கேட்டுப்பாருங்கள்.

எங்கள் தாளில் இரண்டாவது நிறம் மூன்று இடத்தில் மட்டும் விழுந்தது. காலை 6.30 முதல் 8 வரை நான். மதியம் சாப்பிட வரும்போது அவர், முக்கால் மணி நேரம். இரவு 7.30க்கு மேல் யாராவது ஒருவர். மற்ற நேரமெல்லாம் வீட்டில் அத்தை, அதாவது என் மாமியார், இருப்பார். அவர் பாடம் நடத்த மாட்டார், ஆனால் பிள்ளைக்குக் காவலும் பேச்சுத்துணையும் சோறும் உண்டு.

கூட்டினால் மூன்று மணி நேரத்துக்குக் குறையாமல் வரும். போதுமா என்றால், போதும். நாற்பது பேர் உள்ள வகுப்பில் வருகைப் பதிவு, வரிசை, நோட்டு திருத்துவது என்று போகும் நேரம் வீட்டில் இல்லை. என் அனுபவத்தில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை ஒரு மணி நேரமும், நான்கு முதல் எட்டு வரை இரண்டு, இரண்டரை மணி நேரமும் பக்கத்தில் உட்கார்ந்தால் பாடம் நகர்ந்துவிடும். ஒன்பது, பத்துக்கு அந்தக் கணக்கு செல்லாது.

முதல் நிறமே இல்லாத வீடாக இருந்தால், அதாவது பகலில் பெரியவர் யாருமே இல்லையென்றால், நேராகப் படி 5க்குப் போய்விடுங்கள். அதற்கு வழி பிறக்கும்வரை டி.சி. வாங்க வேண்டாம்.

படி 2: கோடை லீவில் ஒத்திகை

ஏப்ரல் கடைசியில் தொடங்கி ஆறு வாரம். அடுத்த வகுப்புப் புத்தகத்தில் முதல் பருவப் பாடம் இரண்டை எடுத்து, படி 1ல் கிடைத்த நேரத்துக்குள் மட்டும் நடத்திப்பாருங்கள். லீவு போட்டு நடத்தினால் அது ஒத்திகை ஆகாது. வழக்கமான ஆபீஸ் நாளிலேயே செய்ய வேண்டும்.

பிள்ளைக்குப் பாடம் புரிகிறதா என்பதைவிட, மூன்றாவது வாரம் நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கவனியுங்கள். தினமும் கத்தல், அழுகை என்று போனால், அந்த வருடம் பள்ளியே இருக்கட்டும். மாலையில் ஒரு மணி நேரம் நீங்கள் விரும்பியதைச் சொல்லிக்கொடுங்கள். அதையும் நான் ஹோம்ஸ்கூலிங்கின் ஒரு வகையாகத்தான் கணக்கில் வைப்பேன்.

படி 3: சட்டமும் தாள்களும்

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009ல் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 6 முதல் 14 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கானது. பிள்ளையை அருகிலுள்ள பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று அதன் 10ஆம் பிரிவு சொல்கிறது. சேர்க்காத பெற்றோருக்கு அதில் தண்டனை ஏதும் சொல்லப்படவில்லை. ஹோம்ஸ்கூலிங் என்ற பேச்சே அந்தச் சட்டத்தில் கிடையாது: அனுமதிக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை. இந்த நடுநிலத்தில் நிற்க மனசு ஒப்பாதவர்கள் இறங்காமல் இருப்பது நல்லது.

நடைமுறையில் வருவது போலீஸ் அல்ல, டீச்சர். பள்ளி செல்லாப் பிள்ளைகளைக் கணக்கெடுக்க வீடு வீடாக வருவார்கள். எங்கள் வீட்டுக்கு முதல் வருடம் ஓர் அம்மா வந்தார். "பாப்பா எந்த ஸ்கூல்?" என்று கேட்டதும் அத்தை பயந்துபோய், "ஊருக்குப் போயிருக்கா" என்று சொல்லிவிட்டார். உள்ளே மகள் ஏழாம் வாய்ப்பாட்டைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். பொய் தேவையே இல்லை. அடுத்த முறை நோட்டுகளை எடுத்துக் காட்டினோம். புரட்டிப் பார்த்துவிட்டு, பக்கத்து அரசுப் பள்ளியில் எப்போது வேண்டுமானாலும் சேர்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வாங்கி வைக்க வேண்டியவை: டி.சி., கடைசியாகப் படித்த வகுப்பின் மதிப்பெண் அட்டை, பிறப்புச் சான்றிதழ், ஆதார், சாதிச் சான்றிதழ், அப்புறம் பிள்ளையின் எமிஸ் எண், அதாவது பள்ளிக் கல்வித் துறையின் கணினிப் பதிவில் உள்ள எண். இந்தக் கடைசியைப் பலர் கேட்காமல் வந்துவிடுவார்கள். பள்ளியை விட்டு விலகும் பிள்ளையின் பெயரை எமிஸில் பொதுத் தொகுப்புக்கு மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் பின்னால் வேறு பள்ளியில் சேர்க்கும்போது பழைய பள்ளியின் வாசலில் போய் நிற்க வேண்டியிருக்கும். நாங்கள் "அப்புறம் வாங்கிக்கலாம்" என்று டி.சி.யை விட்டுவிட்டு, பதினொரு மாதம் கழித்துப் போனபோது, அந்த வருடத்துக் கட்டணத்தையும் சேர்த்துக் கேட்டார்கள். நாலு நடை நடந்து பேசித்தான் வாங்கினோம். நிறுத்துகிற வாரமே வாங்கிவிடுங்கள்.

படி 4: எங்கே போய்ச் சேர வேண்டும்?

நேரத்தை அதிகம் செலவிட வேண்டிய படி இது. எட்டாம் வகுப்பு வரை வீட்டில் எதை வேண்டுமானாலும் படிக்கலாம். பத்தாம் வகுப்புக்கு ஒரு வாரியத்தின் சான்றிதழ் வேண்டும். எந்த வாசல் வழியாக வெளியே போகப்போகிறோம் என்று தெரிந்தால்தான் ஆறாம் வகுப்பிலிருந்து எந்தப் பாடத்தை விடலாம், எதை விடக் கூடாது என்று தெரியும்.

முதல் வாசல் என்.ஐ.ஓ.எஸ். எனப்படும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி. 1989ல் தேசியத் திறந்த பள்ளி என்று தொடங்கிய மத்திய அரசு வாரியம். சென்னையில் மண்டல மையம் இருக்கிறது. பத்தாம் வகுப்புக்கு 14 வயது நிறைந்திருக்க வேண்டும், பன்னிரண்டுக்கு 15. ஐந்து பாடங்கள், அதில் ஒன்றாவது மொழிப் பாடம். தமிழையே எடுக்கலாம். தேர்ச்சிக்கு 33 மதிப்பெண். வருடத்தில் இரண்டு பொதுத்தேர்வு: ஏப்ரல்–மே, அக்டோபர்–நவம்பர். பதிவு ஐந்து வருடம் செல்லும், அதற்குள் ஒன்பது வாய்ப்பு. ஐந்தையும் ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை. இந்த முறை இரண்டு, அடுத்த முறை மூன்று என்று பிரிக்கலாம். வேலைக்குப் போகிற வீட்டுக்கு இதைவிடப் பெரிய வசதி வேறில்லை. வீட்டிலிருந்து எழுதிக் கொடுக்கும் ஒப்படைப்புகளுக்கு 20 சதவீத மதிப்பெண் உண்டு. அவற்றைத் தள்ளிப்போட்டுக் கெடுத்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கணக்கும் அறிவியலும் எடுத்தே ஆகவேண்டும் என்று அங்கே கட்டாயமில்லை. கேட்க இனிப்பாக இருக்கும், ஆனால் அங்கேதான் பள்ளம். பத்தில் கணக்கை விட்ட பிள்ளை பதினொன்றில் அறிவியல் பிரிவு கேட்டால் கதவைச் சாத்திவிடுவார்கள். பதினான்கு வயதுப் பிள்ளையை நம்பி அந்த முடிவை விடாதீர்கள். பன்னிரண்டை இங்கேயே முடித்து, பொறியியல் நுழைவுத் தேர்வான ஜே.இ.இ. மெயின் எழுதுவதானால் ஐந்து பாடத்திலும் தேர்ச்சி வேண்டும். நீட் விஷயத்தில் 2018ல் திறந்தநிலைப் பள்ளி மாணவர்களைத் தடுக்கப் பார்த்தார்கள். டெல்லி உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. இப்படிப்பட்ட விதிகள் மாறும் என்பதால், எழுதப்போகும் வருடத்து அறிவிப்பை நீங்களே படித்துக்கொள்ளுங்கள்.

பதிவை அவர்களது இணையதளத்தில் நேரடியாகச் செய்யலாம். "நாங்களே எல்லாம் பார்த்துக்கறோம், பாஸ் கேரண்டி" என்று சுவரில் எழுதிவைத்திருக்கும் ஆட்களிடம் போக வேண்டாம்.

இரண்டாவது வாசல் நம் மாநிலத் தனித்தேர்வு, பள்ளியில் சேராமலே எழுதும் பரீட்சை. அரசுத் தேர்வுகள் இயக்ககம் எட்டாம் வகுப்புக்கே தனித்தேர்வு நடத்துகிறது. பன்னிரண்டரை வயது நிறைந்தவர்கள் எழுதலாம். தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல். பெரிய தேர்வு இல்லைதான். ஆனால் நாலு வருடமாகப் பள்ளியில் பெயரே இல்லாத பிள்ளைக்கு அரசு முத்திரையோடு ஒரு தாள் கிடைக்கிறது, ஒன்பதாம் வகுப்பில் சேர அது உதவும். பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதுவதானால் அறிவியல் செய்முறைப் பயிற்சி வகுப்புக்குத் தனியாக, முன்கூட்டியே பதிவு செய்து, வருகைப் பதிவும் காட்ட வேண்டும். பல பேர் இந்த அறிவிப்பைத் தவறவிட்டு ஒரு வருடத்தை இழக்கிறார்கள்.

மூன்றாவது, கேம்பிரிட்ஜ் ஐ.ஜி.சி.எஸ்.இ. என்ற, பத்தாம் வகுப்பு அளவிலான வெளிநாட்டு வாரியத் தேர்வு. அதைத் தனியாக எழுத, வெளி ஆட்களை ஏற்கும் தேர்வு மையம் ஒன்றைத் தேடிப்பிடிக்க வேண்டும். பாடத்துக்குப் பாடம் கட்டணம். வெளிநாட்டுப் படிப்பு உறுதி என்றால் மட்டும் அந்தப் பக்கம் பாருங்கள்.

நான்காவது, திரும்பப் பள்ளிக்கே போவது. நிறையப் பேர் இதைத் தோல்வி என்று நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

முடிவெடுக்குமுன் இன்னொரு கணக்கும் பார்த்துவிடுங்கள். மருத்துவச் சேர்க்கையில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான். புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் ஆயிரம் ரூபாயும் ஆறாம் வகுப்பிலிருந்து எங்கே படித்தார் என்று பார்த்துத்தான் வரும். அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளையை நிறுத்துகிற குடும்பம் இவற்றை விட்டுக்கொடுக்கிறது. ஐந்தாம் வகுப்பில் இது யாருக்கும் நினைவுக்கு வராது.

படி 5: உங்கள் வீட்டுக்கு எந்த ஏற்பாடு?

மாற்று ஷிஃப்ட்: ஒருவர் காலை வேலை, ஒருவர் மாலை வேலை. நர்ஸ், மில், கால் சென்டர் வேலையில் இருப்பவர்கள் இப்படிச் செய்கிறார்கள். பிள்ளைக்கு நன்றாக நடக்கும். கணவனும் மனைவியும் கதவருகே சாவி மாற்றிக்கொள்ளும் ஆட்களாகிவிடுவார்கள். வாரத்தில் ஒருநாளாவது இருவருக்கும் சேர்ந்து விடுமுறை கிடைக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

தாத்தா பாட்டி வீட்டில் இருப்பது: எங்களுடையது. ஒரே விதி, அவர்களை வாத்தியார் ஆக்காதீர்கள். அத்தையிடம் நான் கேட்டுக்கொண்டது இரண்டுதான்: பத்து முதல் பன்னிரண்டு வரை டிவி வேண்டாம், முந்தின இரவே நான் ஒரு தட்டில் எடுத்து வைத்த பாட வேலை முடிந்ததா என்று ஒருமுறை பார்த்தால் போதும். சீரியலை மதியத்துக்கு மாற்றிக்கொண்டார். அந்தத் தியாகத்தை இன்றுவரை சொல்லிக்காட்டுகிறார்.

டியூஷன் அக்கா: பக்கத்தில் பி.எட். படிக்கும் பெண்ணோ ஓய்வுபெற்ற டீச்சரோ பகலில் இரண்டு மணி நேரம் வந்தால், பகல் காவலும் பாடமும் ஒன்றாக முடியும். கணக்கு, ஆங்கிலம் மட்டும் கொடுங்கள்.

மூன்று நான்கு குடும்பம் சேர்வது: ஆளுக்கு ஒருநாள், அன்றைக்கு எல்லாப் பிள்ளைகளும் அந்த வீட்டில். ஒரு குடும்பத்துக்கு வாரத்தில் ஒருநாள் லீவோ அரை நாளோ கிடைத்தால் போதும். இதில் ஜாக்கிரதை வேண்டும். பிள்ளைகள் பெருகி, கட்டணம் வாங்கி, பெயர்ப்பலகை மாட்டினால் அது அங்கீகாரமில்லாத பள்ளி ஆகிவிடும். கல்வி உரிமைச் சட்டத்தின் 18ஆம் பிரிவில் அதற்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், தொடர்ந்து நடத்தினால் நாளுக்குப் பத்தாயிரம். சிநேகிதர்கள் வீடு என்ற அளவோடு நிறுத்துங்கள்.

ஆன்லைன் வகுப்பு: ஒரு பாடத்துக்கு, பெரிய வகுப்புக்கு நல்லது. சின்னப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் ஆள் வேண்டும் என்பதால் வேலை மிச்சமாகாது. நாங்கள் ஒரு கம்பெனியின் விற்பனைப் பேச்சை நம்பி ஒரு வருடப் பணத்தை மொத்தமாகக் கட்டி, இரண்டாம் மாதம் விட்டுவிட்டோம். பணம் திரும்பவில்லை. மாதாமாதம் கட்டும்படி இருந்தால் மட்டும் சேருங்கள்.

படி 6: நாளை விட்டுவிட்டு மாதத்தைத் திட்டமிடுங்கள்

முதலில் நாங்களும் பீரியட் பிரித்து அட்டவணை ஒட்டினோம். 9.00 தமிழ், 9.45 கணக்கு. இரண்டாவது வாரம் கிழிந்தது. என் வேலையில் மாதம் 11ஆம் தேதியும் 20ஆம் தேதியும் ஜி.எஸ்.டி. தாக்கல். அந்த நாட்களை ஒட்டி ஆபீஸில் யாரும் தலை நிமிர மாட்டார்கள். அதனால் புதுப் பாடமெல்லாம் 21ஆம் தேதி தொடங்கி அடுத்த மாதம் 7க்குள். 8 முதல் 20 வரை பழைய பாடத்தைத் திரும்பப் போடுவது, கதைப் புத்தகம், கட்டுரை, படம் வரைவது. உங்கள் தொழிலிலும் இப்படி ஒரு ஏற்ற இறக்கம் இருக்கும். ஜவுளிக்கடை என்றால் தீபாவளிக்கு முந்தின மாதம், விவசாயம் என்றால் அறுவடை. அங்கே புதுப் பாடம் வைக்காதீர்கள்.

ஒரு நாள் எப்படி ஓடுகிறது? முந்தின இரவு ஓர் எவர்சில்வர் தட்டில் மறுநாள் வேலையை எடுத்து வைத்துவிடுவேன். கணக்கு நோட்டில் பக்கம் மடித்து ஆறு கணக்கு, தமிழில் ஒரு பத்தி பார்த்து எழுத, ஆங்கிலத்தில் இரண்டு பக்கம் வாசிக்க, ஒரு துண்டுத்தாளில் ஒரு கேள்வி. காலை 6.30க்குப் புதிதாக உள்ளதை நான் சொல்லித்தந்துவிடுவேன். பகலில் அவளாக முடிப்பாள். புரியாததற்குப் பக்கத்தில் புள்ளி வைப்பாள். மதியம் அப்பா வந்து புள்ளிகளைப் பார்ப்பார். புள்ளியே இல்லாத நாளில்தான் எனக்குச் சந்தேகம் வரும். பெரும்பாலும் அன்று தட்டைத் தொட்டிருக்க மாட்டாள்.

படி 7: புத்தகம், பட்டறை, ஊர்

பாடத்துக்குச் செலவு கிட்டத்தட்ட இல்லை. சமச்சீர்ப் பாடநூல்கள் இணையத்தில் இலவசம். புத்தகத்தில் உள்ள கியூ.ஆர். கட்டத்தை தீக்ஷா செயலியில் காட்டினால் விளக்கப்படம் வரும். 2019ல் தொடங்கிய கல்வி டிவி இருக்கிறது. தமிழில் வாசிக்கச் சின்னப் பிள்ளைகளுக்கு ஸ்டோரிவீவர் தளத்தில் கதைகள் உண்டு. எல்லாவற்றையும் இறக்கி வைத்துக்கொண்டு எதையும் முடிக்காமல் விடுவதுதான் ஆபத்து. பாடத்துக்கு ஒரு புத்தகம் போதும்.

ஆனால் எங்கள் பிள்ளைக்குப் பின்னம் புரிந்தது புத்தகத்தில் இல்லை. ஆறாம் வகுப்புப் பாடத்தில் 1/4 பெரிதா 3/8 பெரிதா என்ற இடத்தில் மூன்று நாள் மாட்டிக்கொண்டாள். நான் சப்பாத்தியை வெட்டிப் பார்த்தேன், நடக்கவில்லை. நாலாம் நாள் மாலை பட்டறையில் மெஷினை நிறுத்திவிட்டு டீ குடிக்கும் நேரத்தில் அவள் அப்பா ஸ்டீல் ஸ்கேலைக் கையில் கொடுத்தார். "இஞ்சுக்கு எட்டு நூல் கண்ணு. கால் இஞ்சு எத்தனை நூலு?" எண்ணிப் பார்த்து, "ரெண்டு." "சரி, மூணு நூல் கம்பி ஒண்ணு எடுத்துட்டு வா." கம்பிக் குவியலில் அளந்து எடுத்து வந்தாள். வழியிலேயே நின்று, "அப்ப மூணு நூலுன்னா 3/8ஆ?" என்று கத்தினாள். பட்டறையில் வேலை செய்கிறவர் சிரித்துவிட்டார். அவர் பள்ளிக்கூடமே போகாதவர், முப்பது வருடமாகப் பின்னத்தில்தான் பேசுகிறார். மறுவாரம் வெர்னியர் அளவுகோல் வைத்து ஒரு நூல் எத்தனை மில்லி என்று அளந்து, 25.4ஐ எட்டால் வகுத்த விடையோடு ஒத்துப்பார்த்தாள். தசமமும் அங்கேயே முடிந்தது.

உங்கள் வேலையில் இப்படி ஒன்று நிச்சயம் இருக்கும்; மளிகைக்கடை என்றால் சதவீதம், தையல் என்றால் பரப்பளவு. அதற்காக எல்லாமே இப்படி வரும் என்று காத்திருக்க முடியாது. வாய்ப்பாட்டை வாய்ப்பாடாகத்தான் உருப்போட வேண்டும். ற–ர வித்தியாசம் எழுதி எழுதித்தான் வரும்.

வெளியே போக ஞாயிறு மட்டும் இருந்தால் நூலகத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். சென்னையில் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் மதுரையில் 2023ல் திறந்த கலைஞர் நூலகத்திலும் சிறுவர் பகுதி நன்றாக இருக்கிறது. எங்கள் ஊரில் 1902ல் தொடங்கிய காஸ் வன அருங்காட்சியகமும், வேளாண் பல்கலைக்கழகத்தின் பூச்சி அருங்காட்சியகமும் இருக்கின்றன. பூச்சிகளைப் பார்த்துவிட்டு வந்த ஒரு மாதம் வீட்டில் கரப்பான்பூச்சியை அடிக்க விடவில்லை.

படி 8: ஒரு நோட்டு, வருடத்துக்கு மூன்று பரீட்சை

தினமும் ஒரு வரி: தேதி, என்ன படித்தாள், எங்கே புள்ளி. இதற்கு மேல் எழுதினால் தொடர மாட்டீர்கள். பருவத்துக்கு ஒருமுறை, பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பள்ளி வினாத்தாளை வாங்கி, கடிகாரம் வைத்து எழுதச் சொல்லுங்கள். மதிப்பெண் முக்கியமில்லை. ஆனால் இரண்டரை மணி நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்து எழுதுவது தனிப் பழக்கம், வீட்டுப் பிள்ளைகளுக்கு அது தானாக வராது. முதல் முறை எங்கள் மகள் நடுவில் எழுந்து போய் மாம்பழம் சாப்பிட்டுவிட்டு வந்தாள்.

படி 9: கூட்டாளிகள்

உறவுக்காரர்கள் எல்லோரும் கேட்கும் இரண்டாவது கேள்வி இது, அவர்கள் கேட்பது சரிதான். பாடத்தைவிட இதற்குத்தான் நான் அதிகம் மெனக்கெட்டேன். மாலை ஐந்து முதல் ஏழு வரை தெருவில் பள்ளிப் பிள்ளைகள் விளையாடும் நேரத்தில் பாடமே வைப்பதில்லை. வாரத்தில் மூன்று நாள் சிலம்பம். அதிலும் ஒரே மாஸ்டரிடம், ஒரே கூட்டத்தோடு இருக்க வேண்டும். மாதத்துக்கு ஒரு புது வகுப்பு என்று மாற்றினால் யாரும் சிநேகிதியாக மாட்டார்கள்.

படி 10: திரும்பும் வழியைத் திறந்தே வையுங்கள்

பள்ளியில் இல்லாத, ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு சொல்கிறது. எட்டாம் வகுப்பு வரை அதைச் சொல்லி அரசுப் பள்ளியில் சேர்க்கலாம். ஒன்பதுக்கு மேல் சான்றிதழ் கேட்பார்கள். அதற்குத்தான் அந்தத் தனித்தேர்வு.

எங்கள் வீட்டில் ஒவ்வொரு ஏப்ரலிலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளிடம் கேட்போம்: அடுத்த வருடம் வீடா, ஸ்கூலா? மூன்று வருடம் யோசிக்காமல் வீடு என்றாள். இந்த முறை, எட்டாவது தனித்தேர்வு எழுதிவிட்டு ஒன்பதாவது ஸ்கூலில் என்கிறாள். அத்தைக்குத்தான் முகம் வாடிவிட்டது. மகள் எங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்று: மத்தியானம் சாப்பிட்டதும் லைப்ரரிக்கு விடுவார்களா? திங்கட்கிழமை போய் விசாரித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.